பன்னிரண்டு ரூபாய் போகும் வழி

காலை ஆறரை மணி, பேருந்து நிலையத்து டீக்கடை. மாஸ்டர் இரண்டு கைகளாலும் டீயை ஆற்றிக்கொண்டிருக்கிறார். கல்லாவில் ஆள் இல்லை. டீ குடித்தவர் போனை எடுத்து, பாய்லருக்குப் பக்கத்தில் கம்பியில் தொங்கும் அட்டையை ஸ்கேன் செய்கிறார். 12 என்று அடித்து, பின் (PIN) என்ற ரகசிய எண்ணைத் தட்டுகிறார். வடைத் தட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பெட்டி, பன்னிரண்டு ரூபாய் வந்துவிட்டதாகச் சத்தம் போட்டுச் சொல்கிறது. மாஸ்டர் தலையைத் திருப்பவில்லை. அடுத்த டீ தயாராகிறது.

இதற்கு ஆன நேரம் சில விநாடிகள். அதற்குள் டீ குடித்தவரின் வங்கி, கடைக்காரரின் வங்கி, இரண்டுக்கும் நடுவே ஒரு நிறுவனம், இருவரின் செயலிகள் எனப் பல ஊர்களில் இருக்கும் கணினிகள் தங்களுக்குள் கேட்டு, சரிபார்த்து, கணக்கெழுதி முடித்துவிட்டன. தகவல் தொழில்நுட்பம் நம் வாழ்க்கையை மாற்றிவிட்டது என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அது எப்படி மாற்றுகிறது, எதைக் கொடுத்து எதை வாங்கிக்கொள்கிறது என்று தெரிய வேண்டுமானால், இந்தப் பன்னிரண்டு ரூபாயின் பின்னாலேயே போய்ப் பார்ப்பது நல்லது.

கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்

அந்த அட்டையில் இருக்கும் க்யூஆர் குறியீடு பணத்துக்காகப் பிறந்ததல்ல. டொயோட்டா கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் பிறந்தது. உதிரிபாகப் பெட்டிகளில் ஒட்டும் பார்கோடு ஒன்றில் ஏறத்தாழ இருபது எழுத்துகள்தான் அடங்கும். அதனால் ஒரே பெட்டியில் பல பார்கோடுகளை ஒட்டினார்கள். தொழிலாளர்கள் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து அலுத்துப்போனார்கள்.

இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தவர் மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளர். பார்கோடு பக்கவாட்டில் மட்டுமே தகவலைச் சுமக்கிறது. மேலிருந்து கீழாகவும் சுமக்க வைத்தால் இடம் பல மடங்கு பெருகும். கட்டம் போட்ட பலகையில் கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் ‘கோ’ என்ற ஆட்டம் தனக்கு வழிகாட்டியதாக அவர் சொல்லியிருக்கிறார். 1994இல் குறியீடு வெளியானது. வெறும் எண்களாக இருந்தால் 7,089 வரை ஒரே சதுரத்தில் அடக்கலாம்.

தகவலை அடக்குவதைவிடப் பெரிய சவால், காமிரா அதைக் கண்டுபிடிப்பது. சுவரில் விளம்பரம், தினசரி, சினிமா போஸ்டர் என்று எத்தனையோ கறுப்பு வெள்ளை இருக்கும்போது, குறியீடு எங்கே தொடங்குகிறது என்று கருவிக்கு எப்படித் தெரியும்? மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய சதுரங்களைக் கவனியுங்கள். அவற்றின் மையம் வழியாக எந்தத் திசையில் கோடு போட்டாலும், கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் மாறி மாறி வரும். அச்சுப் பொருள்களில் மிக அரிதாக வரும் விகிதம் எது என்று பத்திரிகைகளையும் விளம்பரத் தாள்களையும் அட்டைப் பெட்டிகளையும் அலசிப் பார்த்து ஹாராவின் குழு தேர்ந்தெடுத்த விகிதம் இது. நான்காவது மூலையில் அந்தச் சதுரம் இல்லாததால் எது மேல், எது கீழ் என்பதும் தெரிந்துவிடுகிறது. போனைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஸ்கேன் ஆவதன் காரணம் இதுதான்.

டீக்கடை அட்டையில் எண்ணெய்க் கறை இருக்கும், ஓரம் கிழிந்திருக்கும். ஆனாலும் வேலை செய்யும். அதற்குக் காரணம் 1960இல் இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இரு அமெரிக்கக் கணித அறிஞர்கள் வகுத்த முறை. இரண்டு புள்ளிகள் இருந்தால் ஒரு நேர்கோட்டை வரைந்துவிடலாம். அதே கோட்டில் மேலும் இரண்டு புள்ளிகளைக் குறித்துக் கொடுத்துவிட்டால், நான்கில் எந்த இரண்டு அழிந்தாலும் மிச்சமிருப்பதை வைத்துக் கோட்டை மீட்கலாம். ரீட்–சாலமன் முறையின் அடிப்படை இதுதான். நேர்கோட்டுக்குப் பதில் சிக்கலான கோவைகள் வரும், அவ்வளவே. எந்த அளவுக்குக் கூடுதல் புள்ளிகளைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து, குறியீட்டில் 7 முதல் 30 விழுக்காடு வரை சேதமானாலும் தகவல் தப்பிக்கும்.

டென்சோ காப்புரிமையை வைத்திருந்தும், விதிப்படி பயன்படுத்துவோரிடம் அதைக் காட்டிக் காசு கேட்கவில்லை. தெருவோரக் கடை வரைக்கும் இந்தக் குறியீடு வந்ததில் அந்த முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, கடை அட்டையின் குறியீட்டுக்குள் என்னதான் இருக்கிறது? பெரும்பாலும் ஒரே ஒரு வரி: பணம் யாருக்குப் போக வேண்டும் என்ற முகவரியும், கடையின் பெயரும். பணமும் இல்லை, ரகசியமும் இல்லை. ஒரு தாளில் அச்சடித்தாலே போதும் என்பதால் கடைக்காரருக்குச் செலவில்லை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால், இரவோடு இரவாகக் கடை அட்டையின் மேல் வேறொரு குறியீட்டை ஒட்டிவிட்டுப் போகும் திருடர்களுக்கும் செலவில்லை. ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரை ஒரு தடவை படித்துப் பார்ப்பதுதான் இதற்கு மருந்து.

நகர்வது பணமல்ல

தொலைவில் இருப்பவருக்குப் பணத்தைச் சுமந்துபோகாமல் செய்தியை அனுப்பித் தீர்த்துக்கொள்வது புதிய யோசனை இல்லை. பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார்கள், உண்டியல் என்ற சீட்டை வைத்தே ஊருக்கு ஊர் பணம் மாற்றினார்கள். 1880இல் இந்திய அஞ்சல் துறை தொடங்கிய மணியார்டரும் அதே வழிதான்: இங்கே கட்டிய நோட்டு இங்கேயே இருக்கும், அங்கே வேறு நோட்டு கைக்கு வரும்.

டீக்கடையில் நாம் பார்த்த யுபிஐ என்ற பணமாற்று முறை இந்தச் செய்தியை விநாடிக் கணக்கில் கொண்டுபோகிறது. அதை நடத்துவது இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம், சுருக்கமாக என்பிசிஐ. ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் முன்னின்று 2008இல் உருவாக்கிய நிறுவனம் இது. 2010 நவம்பரில் ஐஎம்பிஎஸ் என்ற உடனடிப் பணமாற்று முறையைக் கொண்டுவந்தது. அதன் மேல் கட்டப்பட்ட யுபிஐயை, 2016 ஏப்ரல் 11 அன்று அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் மும்பையில் தொடங்கிவைத்தார்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கூகுள் பேயோ போன்பேயோ வங்கி அல்ல. நம் பணம் அவற்றிடம் இருப்பதில்லை. வங்கியின் வாசலுக்கு நம்மைக் கூட்டிப்போவதோடு அவற்றின் வேலை முடிந்தது.

டீ குடித்தவர் 12 என்று அடித்துப் பின் எண்ணைத் தட்டியதும், செயலி தன்னோடு இணைந்த வங்கி வழியாக என்பிசிஐக்குக் கோரிக்கையை அனுப்புகிறது. கடைக்காரரின் முகவரியில் @ குறிக்குப் பிறகு இருக்கும் பகுதியைப் பார்த்தாலே, அந்த முகவரியை நிர்வகிப்பது யார் என்று என்பிசிஐக்குத் தெரியும். அங்கே கேட்டு, உண்மையான கணக்கு எந்த வங்கியில் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது. பிறகு டீ குடித்தவரின் வங்கியிடம், “இவர் கணக்கில் 12 ரூபாயைக் கழி” என்கிறது. அந்த வங்கி பின் எண் சரியா, இருப்பு இருக்கிறதா என்று பார்த்துக் கழித்துவிட்டுப் பதில் சொல்கிறது. அதற்குப் பிறகுதான் கடைக்காரரின் வங்கிக்கு, “இவர் கணக்கில் 12 ரூபாயைச் சேர்” என்ற கட்டளை போகிறது. அங்கிருந்தும் பதில் வந்ததும் இருவருக்கும் தகவல் சொல்லப்படுகிறது.

இத்தனை நடந்தும் இரண்டு வங்கிகளுக்கும் இடையே அந்த நொடியில் ஒரு ரூபாய்கூடக் கைமாறவில்லை. இரண்டு பேரேடுகளில் இரண்டு எண்கள் மாறியிருக்கின்றன. வங்கிகளுக்கு இடையிலான பாக்கி பிறகு மொத்தமாக, நாளொன்றுக்குப் பலமுறை, ரிசர்வ் வங்கியில் அவற்றுக்குள்ள கணக்குகளில் தீர்க்கப்படுகிறது. அ வங்கி ஆ வங்கிக்கு 100 கோடியும், ஆ வங்கி அ வங்கிக்கு 97 கோடியும் தர வேண்டியிருந்தால், மாறுவது வெறும் மூன்று கோடிதான்.

பின் எண்ணை யார் பார்க்கிறார்கள்?

நடுவே இத்தனை பேர் இருக்கும்போது ரகசியம் எப்படி நிற்கிறது?

செயலியை முதன்முதலில் போனில் ஏற்றியபோது, உங்கள் போனிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் தானாகப் போனது நினைவிருக்கலாம். வங்கியில் பதிவு செய்த எண்ணின் சிம் இந்தப் போனில்தான் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. அத்தோடு சிம்மும் போனும் செயலியும் ஒன்றாகப் பிணைக்கப்படுகின்றன. போனை மாற்றினால் திரும்பவும் பதிவு செய்யச் சொல்வது இதனால்தான். ஆக, பணம் போக இரண்டு வேண்டும்: உங்கள் கையில் இருக்கும் போன், உங்கள் மனதில் இருக்கும் எண். ஒன்றை மட்டும் திருடினால் போதாது.

பின் எண் கேட்கும் திரை செயலிக்குச் சொந்தமானதே அல்ல. அது என்பிசிஐ கொடுத்திருக்கும் தனி நிரல். நீங்கள் தட்டிய எண் அந்த இடத்திலேயே மறைகுறியாக்கப்படுகிறது. அரக்கு முத்திரை வைத்த உறையைத் தபால்காரர் பிரிக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதைப் போல, செயலி அதைச் சுமந்துபோகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எண் சரியா தவறா என்று சொல்வது உங்கள் வங்கி மட்டுமே. கடைக்காரருக்கு உங்கள் கணக்கு எண்ணும் தெரிவதில்லை. உங்களுக்கு அவருடையதும் தெரிவதில்லை. தேவையானதற்கு மேல் யாருக்கும் எதையும் சொல்லாதே என்ற கொள்கை இந்த அமைப்பு முழுக்க ஓடுகிறது.

சத்தம் போடும் பெட்டி

தொழில்நுட்பம் ஆய்வகத்திலிருந்து தெருவுக்கு வரும்போது, தெருவும் அதைத் திருத்துகிறது. நல்ல உதாரணம் சவுண்ட் பாக்ஸ்.

தொடக்கத்தில், பணம் அனுப்பியவர் தன் போன் திரையில் பச்சை டிக்கைக் காட்டுவார், கடைக்காரர் தலையாட்டுவார். கூட்ட நேரத்தில் தன் போனை எடுத்து எஸ்எம்எஸ் பார்க்க அவருக்கு ஏது நேரம்? கையெல்லாம் மாவு அல்லது எண்ணெய். இதைப் பயன்படுத்திப் பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு நழுவியவர்கள் உண்டு. அசல் போலவே பச்சை டிக் காட்டும் போலிச் செயலிகளும் வந்தன.

அதற்குத் தீர்வாக வந்த பெட்டியில் ஒரு சிம், ஒரு ஸ்பீக்கர், ஒரு பேட்டரி. கடைக்காரரின் போன் அணைந்திருந்தாலும், வீட்டில் மகனிடம் இருந்தாலும் கவலையில்லை. செயலி நிறுவனத்தின் கணினியோடு பெட்டி நேரடியாகத் தொடர்பில் இருக்கிறது. கணக்கில் பணம் சேர்ந்த தகவல் வந்த பிறகுதான் வாயைத் திறக்கும். தமிழிலும் பேசும். எழுதப் படிக்கத் தெரியாத பூக்கார அம்மாவுக்கும், கண் மங்கிய பெட்டிக்கடைத் தாத்தாவுக்கும் திரையைப் படிக்கும் வேலை மிச்சம். வாங்குபவரின் திரையை நம்ப வேண்டியதில்லை. தன் காதை நம்பினால் போதும். இந்தப் பெட்டிக்குப் பல நிறுவனங்கள் மாத வாடகை வாங்குகின்றன. கடைக்காரர்கள் கொடுக்கத்தான் செய்கிறார்கள்.

வந்ததும் போனதும்

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 விழுக்காடு அந்த நோட்டுகள். அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் தரைக்கு இறங்கியிருந்தது. டிசம்பர் 30 அன்று அரசு பீம் செயலியை வெளியிட்டது. 2020 ஜனவரி முதல் யுபிஐயில் பணம் பெறும் வணிகரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று அரசு விதித்தது. நெருக்கடி, மலிவான இணையம், கட்டணமின்மை ஆகிய மூன்றும் சேர்ந்ததால், 2023 ஆகஸ்டில் மாதப் பரிவர்த்தனை எண்ணிக்கை 1,000 கோடியைத் தாண்டியது. இரண்டே ஆண்டில், 2025 ஆகஸ்டில், அது 2,000 கோடியைத் தாண்டியது.

அன்றாட வாழ்க்கையில் இதனால் முதலில் ஒழிந்தது சில்லறைச் சண்டை. மிச்ச இரண்டு ரூபாய்க்கு மிட்டாயைக் கொடுக்கும் மளிகைக் கடை, சில்லறை இல்லாவிட்டால் இறங்கு என்று கறாராகச் சொல்லும் கண்டக்டர், இதெல்லாம் அருகிவருகிறது. சென்னை மாநகரப் பேருந்துகளிலும் கண்டக்டரின் கருவியை ஸ்கேன் செய்து டிக்கெட் எடுக்க முடிகிறது. வெளியூர் விடுதியில் படிக்கும் பிள்ளைக்குப் பணம் அனுப்ப வங்கி வரிசையில் நிற்க வேண்டியதில்லை. சிங்கப்பூரின் பேநவ் முறையோடு யுபிஐ 2023 பிப்ரவரியில் இணைக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் இலங்கையிலும் இந்தியப் பயணிகள் யுபிஐயால் பணம் செலுத்த வழி பிறந்தது.

ரொக்கம் ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. பணமதிப்பிழப்புக்கு முன் ஏறத்தாழ 18 லட்சம் கோடி ரூபாயாக இருந்த புழக்கப் பணம், 2024 மார்ச்சில் ஏறத்தாழ 35 லட்சம் கோடி. டீக்கும் தக்காளிக்கும் போன். கல்யாணத்துக்கும் ஆபத்துக்கும் பீரோவில் நோட்டு என்று மக்கள் இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ரொக்கத்துக்கு நினைவு கிடையாது. யுபிஐக்கு உண்டு. ஒவ்வொரு டீயும் தேதி, நேரம், தொகையோடு பதிவாகிறது. தள்ளுவண்டிக்காரருக்கு இது ஒரு வகையில் வரம்: வருமானச் சான்று இல்லாதவருக்குக் கணக்கு வரவையே சான்றாகப் பார்த்துக் கடன் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. இன்னொரு வகையில் அதே பதிவு அவரைத் தேடியும் வரும். 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித்துறை, யுபிஐ வரவுகளைக் கணக்கிட்டுச் சிறு வணிகர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் பல கடைகளில் க்யூஆர் அட்டை கழற்றப்பட்டு, ‘ரொக்கம் மட்டும்’ என்ற அட்டை மாட்டப்பட்டது. பொருள் விற்போருக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய், அதாவது நாளுக்கு ஏறத்தாழ 11,000 ரூபாய் விற்பனை. நெரிசலான தெருவில் ஒரு கடைக்கு இது எட்டாத தொகை இல்லை. ஆனால் கணக்கில் வந்ததெல்லாம் விற்பனையாகாது. மச்சான் திருப்பித் தந்த கைமாற்றும் அதில் இருக்கும். காய்கறிக்கு வரியே கிடையாது. தரவு தொகையைச் சொல்லும், அது எதற்கான தொகை என்று சொல்லாது. அந்த வேறுபாட்டை விளக்கும் சுமை, கணக்கெழுதிப் பழக்கமில்லாத வணிகரின் தலையில் விழுந்தது.

பட்டன் போன் வைத்திருப்போருக்காக 2022 மார்ச்சில் யுபிஐ 123பே வந்தது. இணையமில்லாமல் தொலைபேசி அழைப்பு வழியாகவே பணம் அனுப்பலாம். ஆனாலும் வங்கியில் பதிவான எண்ணின் சிம் வேறொருவர் கையில் இருக்கும் வீடுகளில், கணக்கு யார் பெயரில் இருந்தாலும் பணம் சிம் இருக்கும் கையில்தான் இருக்கிறது.

கண்ணி அறும்போது

“பணம் கழிஞ்சிடுச்சுண்ணே, பெட்டி சத்தம் போடலையே?” கடைவாசலில் எல்லோரும் கேட்டிருக்கும் பேச்சு இது. கழிக்கும் கட்டளை நிறைவேறி, சேர்க்கும் கட்டளைக்குப் பதில் வராமல் போனால் இந்த நிலை வரும். அதற்கு விதி இருக்கிறது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆணைப்படி, ஒருவருக்கு அனுப்பிய பணம் சேராவிட்டால் அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தி உறுதித் தகவல் போய்ச் சேராவிட்டால் ஐந்து நாளுக்குள் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீட்டை வங்கி தர வேண்டும். கேட்காமலே தர வேண்டிய தொகை இது. கேட்டு வாங்கவும் தயங்க வேண்டாம்.

நாடு முழுக்க ஒரே நடுமையம் என்பதால், அது தடுமாறினால் எல்லாமே தடுமாறும். 2025 மார்ச்சிலும் ஏப்ரலிலும் யுபிஐ சில மணி நேரம் முடங்கியபோது, போனை மட்டும் நம்பி வெளியே வந்தவர்கள் ஓட்டல் கல்லாவிலும் பெட்ரோல் பங்கிலும் கைபிசைந்து நின்றார்கள். பர்ஸில் இருநூறு ரூபாய் நோட்டு ஒன்று இருப்பது இன்றைக்கும் புத்திசாலித்தனம்.

மோசடிகளில் பெரும்பாலானவை இந்தக் கணினிகளை உடைத்து நடப்பதில்லை. மறைகுறியீட்டை உடைப்பது கடினம். மனிதரைப் பேசி ஏமாற்றுவது எளிது. “உங்க பழைய கட்டிலை நான் வாங்கிக்கிறேன், பணம் அனுப்பியிருக்கேன், பின் நம்பரைப் போட்டா வந்துடும்” என்று சொல்லி ஏமாற்றினார்கள். வந்தது பணம் அல்ல, பணம் கேட்கும் கோரிக்கை. பின் எண்ணைப் போட்டதும் நம் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. இந்தத் தந்திரம் பெருகியதால்தான், தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் இப்படிப் பணம் கேட்கும் வசதியை 2025 அக்டோபர் முதல் நிறுத்தச் சொன்னது என்பிசிஐ. அந்த வாசல் மூடியதும் திருடர்கள் வேறு வாசல் தேடுவார்கள்.

அதனால் இந்த அத்தியாயத்தில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் ஒன்றை மட்டும் வீட்டிலுள்ள பெரியவர்களுக்குச் சொல்லிவையுங்கள். பின் எண் பணத்தை வெளியே அனுப்பவும், இருப்பைப் பார்க்கவும்தான். பணம் வாங்கப் பின் எண் தேவையில்லை. எப்போதும், யாரிடமிருந்தும் தேவையில்லை. அப்படி யாராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள். அதையும் மீறிப் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் தகவல் போய்ச் சேர்ந்தால், அதை முடக்கி மீட்க வாய்ப்பு உண்டு.